அம்மாவுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் பிள்ளைக்குப் படிப்பு வரும்

மாலை ஆறரை மணி. விழுப்புரம் மாவட்டத்தில் எந்தக் காலனிக்குள் நுழைந்தாலும் இந்த நேரத்தில் ஏறக்குறைய ஒரே காட்சிதான். கழனி வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போனவர்கள் திரும்பியிருப்பார்கள். அடுப்பில் உலை கொதிக்கும். தொகுப்பு வீட்டின் ஒற்றை அறையில் டிவி ஓடும். வாசற்படியில் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கும் ஒரு பிள்ளை நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

"யம்மா, இது என்னாம்மா?"

"எனக்கு என்னாடி தெரியும்? நாளைக்கு டீச்சரையே கேளு."

பிள்ளை நோட்டை மூடிவிட்டு டிவி முன்னால் போய் உட்காரும்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்குப் படிப்பு கைநழுவத் தொடங்குவது இந்த வாசற்படியில்தான். மறுநாள் வீட்டுப்பாடம் செய்யாமல் போகும் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவார்கள். "வீட்டுல சொல்லித்தர ஆள் இல்லையா?" என்று ஒரு கேள்வி வரும். கேட்பவருக்கு அது சாதாரணக் கேள்வி. நின்றுகொண்டிருக்கும் பிள்ளைக்கு, தன் அம்மாவையும் அப்பாவையும் வகுப்பே பார்த்துக் கேட்டதுபோல் இருக்கும். அடுத்த வாரம் வயிற்றுவலி என்று ஒருநாள் நிற்கும். அப்புறம் இரண்டு நாள். ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது எழுத்துக்கூட்டிப் படிக்கவும் திணறும். ஆறாம் வகுப்புக்கு வேறு ஊர்ப் பள்ளிக்குப் போகும்போது, "இதுக்குப் படிப்பு ஏறல" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள்.

படிப்பு ஏறாத பிள்ளை என்று ஒன்று இல்லை. சொல்லித்தரப்படாத பிள்ளைதான் உண்டு. எழுத்து தெரியாத வீட்டிலிருந்து நம்மால் என்ன செய்ய முடியும், எது பள்ளி செய்ய வேண்டியது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

அந்தக் கேள்விக்கு முதல் பதில்

வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை என்றால், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம் பாட்டன்மாருக்குப் பொதுப் பள்ளியின் கதவு எளிதில் திறக்கவில்லை. 1894-இல் அயோத்திதாசப் பண்டிதரின் முயற்சியோடு கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்க வேண்டியிருந்தது. அப்படித் தனியே கட்டப்பட்ட பள்ளிகளின் வாசல்வரை வர முடியாதவர்களின் பேத்திகள்தான் இன்றைக்கு அடுப்படியில் நின்று "எனக்கு என்னா தெரியும்" என்று சொல்லும் தாய்மார்கள். அவர்கள் வெட்கப்பட வேண்டியது எதுவும் இல்லை.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்துத் தேவையான பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லித்தருவது ஆசிரியரின் கடமை என்கிறது. பெற்றோரை அவ்வப்போது கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் நிலை, முன்னேற்றம் பற்றிச் சொல்ல வேண்டியதும் ஆசிரியரின் கடமை. பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் அதே சட்டம் தடை செய்கிறது.

வீட்டுப்பாடத்துக்கும் அளவு உண்டு. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உத்தரவிட்டது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பை கொள்கையும் இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஆகவே பிள்ளை இரவு பத்து மணிவரை பத்துப் பக்கம் பார்த்து எழுதிக்கொண்டிருந்தால், அது நல்ல படிப்பின் அடையாளம் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பள்ளியின் பொறுப்பு பள்ளிக்கு. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவோம். வீட்டில் நாம் ஆசிரியராக வேண்டாம். பிள்ளை படிப்பதைக் கேட்கும் ஆளாக இருந்தால் போதும்.

விரலை வைத்துக் கேளுங்கள்

"நமக்கே தெரியாதபோது அது சரியாப் படிக்குதா தப்பாப் படிக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" தாய்மார்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. இதற்கு ஓர் எளிய வழி உண்டு.

பல பிள்ளைகள் பாடத்தைப் படிப்பதில்லை, ஒப்பிக்கின்றன. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கத்திச் சொன்னது காதில் தங்கியிருக்கும். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கடகடவென்று சொல்லும். கேட்பவர்களுக்குப் படிப்பதுபோலவே இருக்கும். எழுத்து தெரிந்த அப்பாக்கள்கூட இதில் ஏமாந்துபோகிறார்கள்.

பிள்ளை ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும், நடுவில் ஏதோ ஒரு சொல்லின் மேல் உங்கள் விரலை வையுங்கள். "இது என்னா?" என்று கேளுங்கள். சொல்லும். இன்னொரு வரியில் வேறொரு சொல். அதையும் சொல்லும். பிறகு வேறு பேச்சுப் பேசிவிட்டு, முதலில் தொட்ட அதே சொல்லில் மறுபடி விரலை வையுங்கள். முன்பு சொன்னதையே சொன்னால் அந்தச் சொல்லைப் பிள்ளைக்கு அடையாளம் தெரிகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வேறு ஏதாவது சொன்னாலோ, வரியின் தொடக்கத்திலிருந்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்கு வந்தாலோ, பிள்ளை இன்னும் எழுத்தைப் பிடிக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எழுத்துகூடத் தெரிய வேண்டாம். தொட்ட இடம் நினைவில் இருந்தால் போதும். நாற்று நடும்போது எந்தப் பாத்தி முடிந்தது, எது பாக்கி என்று நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

படிக்கவில்லை என்று தெரிந்தால் அடிக்காதீர்கள். "உனக்கு வராதுடா" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்தில் மடிப்பு வைத்து, "டீச்சர், இந்த எடம் வரலைன்னு அம்மா சொன்னாங்க" என்று பிள்ளை வழியாகவே சொல்லி அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

எந்த எழுத்தில் சிக்குகிறது

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247 என்றதும் மலைப்பாக இருக்கும். உண்மையில் பிள்ளை தனித்தனியாக 247 உருவங்களைப் படிப்பதில்லை. முப்பது எழுத்துகளும், கால், கொம்பு, சுழி போன்ற குறிகளும் பிடிபட்டால் மற்றவை பெரும்பாலும் தானாக வந்துவிடும். உகர, ஊகார வரிசைதான் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வொரு வடிவில் இருப்பதால் அதிக நாள் எடுக்கும். அடுத்ததாக, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும். "கெடு" எது, "கேடு" எது என்று பிள்ளை தடுமாறும். ண, ன, ந; ல, ள, ழ; ர, ற இவை எழுதும்போது மாறும்.

வீட்டில் எழுத்து தெரிந்த அண்ணனோ அக்காவோ இருந்தால் இந்த இடங்களை மட்டும் பார்த்துச் சொல்லித்தரலாம். நாளுக்கு ஐந்து சொல் போதும். அதற்குப் புத்தகமே வேண்டும் என்பதில்லை. உப்புப் பொட்டலம், தீப்பெட்டி, ரேஷன் அட்டை, பேருந்தின் பெயர்ப் பலகை, தெரு முனையில் அம்பேத்கர் படத்தின் கீழ் எழுதியிருக்கும் வாசகம், எல்லாமே வாசிக்கத்தான். "பஸ்ஸு எங்க போவுதுன்னு படிச்சிச் சொல்லு, ஏறலாம்" என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள். தன் படிப்பை நம்பி அம்மா பேருந்து ஏறுகிறார் என்பது அந்தப் பிள்ளைக்கு எந்தப் பரிசையும்விடப் பெரியது.

நம் பேச்சு தப்பான பேச்சா?

நம் பிள்ளை வீட்டில் "மல்லாட்டை" என்கிறது. புத்தகத்தில் "நிலக்கடலை" என்று இருக்கிறது. வீட்டில் "கழனி", புத்தகத்தில் "வயல்". "வந்துகினு இருந்தாங்க" என்று வகுப்பில் சொன்னால் சிரிக்கிறார்கள். "காலனிப் பேச்சு" என்று சொல்லிக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். சிரிப்புக்கு அஞ்சிப் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் பிள்ளை, கேள்வி கேட்பதையும் நிறுத்திவிடும்.

வீட்டில் ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லிவிடலாம்: "நாம பேசுறது நம்ம பேச்சு. புஸ்தகத்துல இருக்கிறது எழுதுற பேச்சு. ரெண்டும் உனக்கு வரணும்." மல்லாட்டை என்பது இந்த வட்டாரத்தில் ஊரிலும் காலனியிலும் எல்லோரும் சொல்கிற சொல்தான். அதில் தாழ்வு எதுவும் இல்லை. புதுச் சொல் ஒன்று பாடத்தில் வந்தால், "இதுக்கு நம்ம ஊட்டுல என்னா சொல்லுவோம்?" என்று கேளுங்கள். பிள்ளைக்குச் சொல்லின் பொருள் உடனே விளங்கும்.

இரவில் ஆயா சொல்லும் கதையும் படிப்புதான். ஆயா கதை சொல்லட்டும், பிள்ளை கேட்கட்டும். மறுநாள் அதே கதையை நாலு வரியில் பிள்ளை எழுதட்டும். அடுத்த நாள் அதை ஆயாவுக்கே படித்துக் காட்டட்டும். "நான் அப்படிச் சொல்லலியே" என்று ஆயா திருத்துவார். எழுதியதைத் திருத்தும் வேலையை எழுத்து தெரியாத ஒருவர் இப்படிச் செய்துவிட முடியும். தெருக்கூத்தில் விடிய விடியப் பாட்டும் வசனமும் கேட்டு நினைவில் வைத்திருக்கும் தலைமுறை அது. அந்த நினைவு பிள்ளைக்குப் போய்ச் சேரட்டும்.

கணக்கு நம் கையில் இருக்கிறது

கணக்கில் நம் வீட்டார் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஒரு நாள் கூலி இவ்வளவு, ஆறு நாள் வேலை, நடுவில் வாங்கிய முன்பணம் போக மீதி எவ்வளவு என்று பேனா எடுக்காமலே சொல்கிறார்கள். கொத்தனார் வேலைக்குப் போகிற அப்பாவுக்கு அடியும் அங்குலமும் தெரியும். கரும்பு வெட்டுபவருக்குக் கட்டும் டன்னும் தெரியும். படி, மரக்கால், சாண், முழம் ஆயாவுக்குத் தெரியும்.

வழி தெரியவில்லை என்று கூட்டல், கழித்தல் வீட்டுப்பாடத்தை ஒதுக்க வேண்டாம். கடைக்கு அனுப்பும்போது, "நூறு ரூபா குடுக்குறேன், எண்ணெய்க்கும் பருப்புக்கும் போக மீதி எவ்ளோ வரணும்? போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போ" என்று கேளுங்கள். வாரக் கூலிக் கணக்கைப் பிள்ளையின் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கணக்கு சரியா என்று உங்களுக்கே தெரியும். வேலைக்கு வைத்தவர் கொடுக்கும் கணக்கில் ஒரு நாள் விட்டுப்போயிருந்தால் பிள்ளையின் நோட்டு அதையும் காட்டிக்கொடுக்கும்.

இருபது நிமிடம்

ஒற்றை அறை வீட்டில் தனிப் படிப்பறைக்கு எங்கே போவது? வேண்டாம். ஒரு நேரமும் ஒரு மூலையும் போதும். உலை கொதிக்கும் அந்த இருபது நிமிடம் டிவி நிற்கட்டும், போன் மேலே இருக்கட்டும். நோட்டு வைத்து எழுத ஒரு பலகை, தலைக்கு மேல் ஒரு விளக்கு. பெண் பிள்ளையாக இருந்தால் தண்ணீர் எடுப்பதும் தம்பியைத் தூக்கி வைத்திருப்பதும் அந்த இருபது நிமிடத்தில் வேண்டாம். பல வீடுகளில் ஆண் பிள்ளைக்குக் கிடைக்கும் இந்தச் சிறு ஓய்வு பெண் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. இதை நாம்தான் மாற்ற வேண்டும்.

செங்கல் சூளைக்கும் வெளியூர்க் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள், துணிமூட்டையோடு பாடப் புத்தகத்தையும் எடுத்துப்போங்கள். போவதற்கு முன் தலைமை ஆசிரியரிடம் எந்த ஊர், எத்தனை மாதம் என்று சொல்லிவிடுங்கள். சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கச் சட்டப்படி வழியிருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது.

ராம்ஜி செய்தது

அண்ணல் அம்பேத்கரின் படம் இல்லாத காலனி கிடையாது. அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு தகப்பன் இருக்கிறார். ராம்ஜி சக்பால். பம்பாய் பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறையில்தான் அந்தக் குடும்பம் இருந்தது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே மகனை எழுப்பிப் படிக்க உட்கார வைப்பார். மகன் கேட்ட புத்தகத்துக்குக் காசு இல்லாதபோது, கட்டிக்கொடுத்த மகளிடம் போய் நகையை வாங்கி அடகு வைத்துப் புத்தகம் வாங்கிவந்தார். 1907-இல் அந்த மகன் மெட்ரிக்குலேஷன் தேறினார்.

ராம்ஜி பட்டாளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். எழுத்து தெரிந்தவர். நம் வீடுகளில் எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. ஆனால் அவர் செய்ததில் பாதிக்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை. நேரத்துக்கு எழுப்பினார். புத்தகம் வாங்கினார். மகன் படிப்பான் என்று நம்பினார். இந்த மூன்றும் நம் கையிலும் இருக்கிறது.

கல்லூரி போகிற தம்பி, தங்கைகளுக்கு

இன்று நம் காலனிகளில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு இரண்டு பேராவது கல்லூரிக்குப் போகிறார்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, தமிழக அரசு 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தை நம் மாவட்டத்தில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைத்தது. உள்ளூர்த் தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு திண்ணையும் ஓர் அக்காவும் இருந்தால் பிள்ளைகள் தாமாக வந்து உட்காருவார்கள் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம்.

திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் திண்ணையை நாம் நடத்தலாம். அம்பேத்கர் மன்றத்தின் கதவை வாரத்தில் ஐந்து நாள் மாலை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். டியூஷன்போல் நடத்த வேண்டாம், பிரம்பு வேண்டாம். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டட்டும். நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். வீட்டுப்பாடத்துக்கு விடையை எழுதிக் கொடுக்காதீர்கள். அது மறுநாள் வகுப்பில் அடி வாங்காமல் காப்பாற்றும், படிப்பைக் காப்பாற்றாது.

புத்தகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சிறு சிறு கதைப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்துப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு "ஊஞ்சல்" என்ற இதழும் வந்தது. இவை பீரோவில் பூட்டிக்கிடக்கின்றனவா, பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

பள்ளிக்குள் போங்கள்

நம்மில் பலர் பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறோம். கூலி வேலையின் அழுக்குச் சேலையோடு எப்படி உள்ளே போவது, சார் என்ன சொல்வாரோ என்ற தயக்கம். அந்தத் தயக்கம் நம் பாட்டி காலத்தில் வெளியே நிறுத்தப்பட்டதன் மிச்சம். அதை நாம் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. பெயருக்குக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் குழுவாக அது இருக்க நாம் விடக் கூடாது.

போகும்போது மூன்று கேள்வி கேட்டால் போதும். என் பிள்ளை தானாகப் படிக்கிறதா, ஒப்பிக்கிறதா? எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று வைத்திருக்கிறார்களே, என் பிள்ளை எதில் இருக்கிறது? அடுத்த நிலைக்கு வர நீங்கள் என்ன செய்வீர்கள், நான் வீட்டில் என்ன செய்ய வேண்டும்? சண்டைக்குப் போவதுபோல் போக வேண்டாம். நல்ல ஆசிரியர்கள் இந்தக் கேள்விகளுக்காகக் காத்திருக்கிறார்கள். பிள்ளையைத் தனியே உட்காரவைக்கிறார்கள், கழிவறை கழுவவைக்கிறார்கள், சாதியைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்றால் அது வேறு விஷயம். அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உடனே எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

மறுபடி அந்த வாசற்படிக்கு வருவோம். "யம்மா, இது என்னாம்மா?" என்று பிள்ளை இன்று மாலையும் கேட்கும். தெரியாது என்று சொல்வதில் தப்பில்லை. அதோடு பேச்சை முடித்துவிடாமல், அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். "எனக்குத் தெரியாதுடா. நீ படி, நான் கேக்குறேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை நோட்டை மூடாது.